தட்டு சுட 28 கேஜ்: என் அனுபவம், கூடவே 20-ம் 410-ம்

காற்றில் எறியப்படும் இலக்குத் தட்டுகளைச் சுட 12 கேஜ்தான் துப்பாக்கி, மற்றதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைப்பவர்கள் ஒரு முறையாவது நல்ல 28 கேஜ் ஓவர் அண்டர் (ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டைக் குழல் உள்ள துப்பாக்கி) ஒன்றை எடுத்து ஒரு ரவுண்டு ஸ்கீட் (இரு பக்கத்திலிருந்தும் பறந்து வரும் தட்டுகளைச் சுடும் ஆட்டம்) சுட்டுப் பார்க்க வேண்டும். நான் 20, 28, 410 மூன்றையும் மாற்றி மாற்றிச் சுடுகிறவன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்ன கேஜில் ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் 28 வாங்குங்கள். புதிதாகக் கற்பவர் என்றால் 20. 410-ஐக் கை நன்றாகப் படிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேஜ் கணக்கு தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஒரு உருண்டையின் விட்டம் என்னவோ அதுதான் 12 கேஜ் குழலின் உள்விட்டம், 28 உருண்டைகளாக்கினால் 28 கேஜ், அதனால்தான் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கிறது. 12-க்கு சுமார் 18.5 மி.மீ., 20-க்கு 15.6, 28-க்கு 14. 410 இந்தக் கணக்கில் வராது, அது நேரடியாக 0.410 அங்குல உள்விட்டம், அதாவது 10.4 மி.மீ.

சின்னக் குழலில் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு ஈய உருண்டைகள்) மெதுவாகப் போகும், ஆகவே தட்டுக்கு முன்னால் கூடுதலாக விட்டுச் சுட வேண்டும் என்ற பேச்சு ரேஞ்சில் அடிக்கடி காதில் விழும். நம்பாதீர்கள். ஸ்கீட் தோட்டாக்கள் எந்த கேஜாக இருந்தாலும் பெரும்பாலும் நொடிக்கு 1200 அடியை ஒட்டியே வருகின்றன, 12-ல் எவ்வளவு முன்னால் விடுகிறீர்களோ அதுவேதான் 28-லும். மாறுவது தோட்டாவில் எவ்வளவு ரவை இருக்கிறது என்பது மட்டும்தான். அமெரிக்க ஸ்கீட்டில் நான்கு கேஜுக்கும் தனித்தனிப் போட்டி உண்டு: 12-க்கு 1⅛ அவுன்ஸ், 20-க்கு ⅞, 28-க்கு ¾, 410-க்கு வெறும் ½ அவுன்ஸ். ஒரு அவுன்ஸில் 9-ஆம் நம்பர் ரவை ஏறக்குறைய 585 இருக்கும். ஆக 12-ல் 650 சொச்சம், 20-ல் 510, 28-ல் 440, 410-ல் 290.

20-ஐக் குறைத்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஒலிம்பிக்கில் 12 கேஜ் துப்பாக்கிக்கே அனுமதி 24 கிராம்தான், 20 கேஜின் ⅞ அவுன்ஸும் கிட்டத்தட்ட அதே எடை. அந்த எடையில் ஒலிம்பிக் தட்டு உடைகிறது என்றால் நம் வாராந்தர ரவுண்டுக்கு என்ன குறை?

இனி 28. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. ரவை ¾ அவுன்ஸ்தான், ஆனால் தட்டின் நடுவில் பட்டால் துண்டாக உடையாமல் கரும்புகையாகப் போகிறது, பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பி இது என்ன கேஜ் என்று கேட்கிறார்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஸ்கீட் தூரத்துக்கு, அதாவது சுமார் 20 மீட்டருக்கு, 440 ரவை தாராளம், 108 மி.மீ. தட்டு நழுவிப் போகிற அளவுக்குப் பரவலில் ஓட்டை விழுவதில்லை. 410-ல் கதை வேறு. குறுகலான குழலுக்குள் ரவை உயரமாக அடுக்கப்படுகிறது, சுடும்போது கீழே இருப்பவை அதிகம் நசுங்குகின்றன, நசுங்கிய ரவை நேராகப் போகாமல் ஓரத்துக்கு ஓடுகிறது. ஏற்கெனவே குறைவான ரவை, அதிலும் ஒரு பங்கு வீண். அதனால்தான் சுடும்போது தோளில் விழும் உதை குறைவு என்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் 410-ஐக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, அது தேர்ந்தவர்களையே சோதிக்கிற துப்பாக்கி, தட்டு உடையாமல் போகப் போக அந்தப் பிள்ளைக்கு ஆசையே விட்டுப்போகும்.

உதை விஷயத்தில் கேஜை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். துப்பாக்கியின் எடையும் கணக்கில் உண்டு. காட்டில் தூக்கி நடப்பதற்காகச் செய்த இறகு மாதிரியான 20 கேஜில் கனமான தோட்டாவைப் போட்டால், நல்ல எடையுள்ள 12-ஐ விட அது தோளைப் பதம் பார்க்கும். கற்பவருக்கு வாயுவில் இயங்கும் செமி ஆட்டோ 20 கேஜ், அதில் ⅞ அவுன்ஸ் தோட்டா, இதைவிட இதமான ஜோடி எனக்குத் தெரியாது. எடை குறைவதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது: துப்பாக்கி சட்டென்று கிளம்பும், அதே வேகத்தில் பாதியில் நின்றும்விடும், தட்டு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு 28 அங்குலக் குழலை விட 30, முடிந்தால் 32 அங்குலம் நல்லது, முன்பக்கம் கொஞ்சம் கனத்தால் வீச்சு நிற்காமல் ஓடும். பிரவுனிங் சிடோரி, பெரெட்டா 686 போன்ற ஓவர் அண்டர்கள் சின்ன கேஜ்களிலும் கிடைக்கின்றன. சிடோரியின் 28-ம் 410-ம் 20 கேஜ் உடம்பிலேயே கட்டப்பட்டவை, சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள், தட்டு சுட அந்தக் கூடுதல் எடை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏற்கெனவே 12 கேஜ் ஓவர் அண்டர் வைத்திருந்தால் இன்னொரு துப்பாக்கி வாங்காமல், குழலுக்குள் செருகுகிற சின்ன கேஜ் டியூப்கள் வாங்கலாம். பிரைலி, கோலார் இரண்டும் பெயர் பெற்றவை. நான்கு கேஜுக்கும் ஒரே கட்டை, ஒரே விசை, ஒரே பார்வை என்பது போட்டி ஆடுபவருக்குப் பெரிய வசதி. ஆனால் முன்பக்கம் கனக்கும், அதைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற தோள் வேண்டும்.

செலவு: 20 கேஜ் தோட்டா பெரும்பாலும் 12-ஐ ஒட்டிய விலையில் வரும், 28-ம் 410-ம் அப்படியில்லை, எல்லாக் கடையிலும் இருக்காது, இருந்தாலும் விலை அதிகம். நிறையச் சுடுபவர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள், 28-க்கு அது நன்றாகவே கட்டுப்படியாகும்.

அப்புறம், தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் விழுந்தால் கொஞ்சம் முன்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் தோட்டா போடும் அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் ஒரு 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், பிடித்திருக்கிற கையும் போகும். 20 குழலில் 28 தோட்டாவும் இதேபோல் சிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள், ஆனால் அவசரத்தில் நிறம் கண்ணில் படாது. ஒரு நேரத்தில் ஒரு கேஜ் தோட்டா மட்டுமே பையில் இருக்கட்டும், மற்றவை வண்டியிலேயே இருக்கட்டும், கேஜ் மாற்றும்போது பையைக் கவிழ்த்து உதறிவிடுங்கள்.

டிராப் (சுடுபவரை விட்டு விலகிப் பறக்கும் தட்டுகளைச் சுடும் ஆட்டம்) ஆடுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 16 கஜக் கோட்டிலிருந்து 28-ல் மாடிஃபைட் சோக் (குழல் வாயை நடுத்தர அளவில் குறுக்குவது) போட்டால் தட்டு நன்றாகவே உடைகிறது. அதற்கும் பின்னால் போய் நின்று சுடுகிற ஹேண்டிகேப் ஆட்டத்துக்கு 12-ஐயே எடுத்துப் போங்கள், அங்கே அந்தக் கூடுதல் ரவை உண்மையிலேயே தேவைப்படும்.