எல்லிகாட் சிட்டி ஸ்டேஷன்: பெரிய எஞ்சினைத் தேடிப் போகாதீர்கள்

அமெரிக்காவின் மேரிலாந்தில் ரயில் மியூசியம் என்றால் எல்லாரும் நேராகப் பால்டிமோருக்குத்தான் வண்டியை விடுகிறார்கள். அதில் தப்பு சொல்ல மாட்டேன். 22 பக்கச் சுவர் கொண்ட வட்டக் கொட்டகை, உள்ளே வரிசையாக எஞ்சின்கள், 2003 பனிப்புயலில் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து மறுவருஷம் திறந்த கதை என்று ஒருநாள் முழுக்கப் போதும். ஆனால் அங்கிருந்து கிளம்பிய பழைய ரயில் பாதையின் இன்னொரு முனை 13 மைல் தள்ளி எல்லிகாட் சிட்டியில் இருக்கிறது; அங்கிருந்த ஸ்டேஷனும் இப்போது மியூசியம்தான். எனக்கு இதுதான் பிடித்தது.

1772-ல் எல்லிகாட் சகோதரர்கள் பட்டாப்ஸ்கோ ஆற்றங்கரையில் மாவு மில் போட்ட இடம் இது. 1828 ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே ஆளான சார்லஸ் கேரல், தன் 90 வயதில் பால்டிமோர் அண்டு ஒஹையோ ரயில் பாதைக்கு முதல் கல் நாட்டினார். 1830 மே மாதம் வண்டி இங்கே வந்து சேர்ந்துவிட்டது. இழுத்தது குதிரை! பீட்டர் கூப்பரின் 'டாம் தம்ப்' என்ற குட்டி நீராவி எஞ்சின் இதே பாதையில் ஓடிக் காட்டியது அந்த வருஷக் கோடையில்தான். அது குதிரையோடு போட்டி போட்டு, பெல்ட் நழுவியதால் தோற்றது என்ற கதையை இங்கே வருகிற குழந்தைகளுக்குச் சொன்னால் குதிரை பக்கம்தான் கை தட்டுகிறார்கள்.

ஸ்டேஷன் கட்டடம் 1831-ல் எழுந்தது. அமெரிக்காவில் இன்றும் நிற்கிற ரயில் நிலையங்களில் இதுவே பழையது. முழுக்க உள்ளூர்க் கருங்கல். மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தால்தான் அமைப்பு புரியும்: தெரு கீழே போகிறது, தண்டவாளம் மேல்தளத்தின் மட்டத்தில் ஓடுகிறது. எஞ்சினை மேல்தளத்துக்கு உள்ளேயே கொண்டுவந்து, அடியிலிருந்து பழுது பார்க்கும்படி கட்டினார்களாம். மேட்டையும் பள்ளத்தையும் பார்த்து எவனோ ஒரு கொத்தனார் மூளையைப் போட்டு வேலை செய்திருக்கிறான்.

இங்கே பயணிகள் ரயில் 1949-ல் நின்றது. 1972-ல் ஆக்னஸ் புயல் வெள்ளத்தோடு சரக்கு வேலையும் முடிந்தது. அப்புறம் ஊர்க்காரர்கள் முனைந்து காப்பாற்றி மியூசியமாக்கினார்கள். 1999-ல் இன்னொரு தடவை சீரமைத்தபோது, 1857-ல் எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. 170 வருஷத்தில் எந்த வருஷத்தைக் காட்டுவது? 1831-ஐக் காட்டினால் அது வெறும் சரக்குக் கொட்டகை. 1857-ஐக் காட்டினால் காத்திருப்பு அறை, டிக்கெட் ஜன்னல், பெண்களுக்குத் தனி அறை என்று ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் குதிரை வண்டிக் காலத்தை நம் மனசுக்குள் நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தடித்த கல்சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றால் கொஞ்சம் கைகூடுகிறது.

பக்கத்தில் 1885-ல் கட்டிய சரக்குக் கூடம். உள்ளே பால்டிமோரிலிருந்து இங்கே வரையுள்ள அந்த 13 மைலையும் பொம்மை ரயிலாக ஓட விட்டிருக்கிறார்கள். பையன்கள் அங்கேயே ஒட்டிக்கொள்வார்கள், இழுத்து வருவது உங்கள் பாடு. வெளியே எஞ்சினைத் திருப்பும் வட்டமேடை இருந்த இடத்தையும் பாருங்கள்.

நான் அதிக நேரம் நின்றது, சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு உட்கார்ந்து போகிற 1927-ம் வருஷத்துச் சிவப்பு வண்டியில். ஊரிலிருந்து வந்திருந்த மாமாவைக் கூட்டிப் போயிருந்தேன். தெற்கு ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை "கல்லு கட்டடம்தானேம்மா" என்று பின்னாலேயே வந்தவர், இதைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்து விறுவிறுவென்று ஏறிவிட்டார். உள்ளே இரும்பு அடுப்பு, படுக்கை, கூரைக்கு மேலே கண்ணாடி வைத்த கூண்டு. முன்னால் போகிற வண்டிகளில் எங்கேயாவது அச்சு சூடேறிப் புகைகிறதா என்று கார்டு அதில் உட்கார்ந்தபடியே பார்ப்பாராம். மாமா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, எங்க பிரேக் வேன்ல ஒரு லைட்டு கிடையாது, கக்கூஸ் கிடையாது. கொடியும் கைவிளக்கும்தான். இவனுக்குக் காபி போட அடுப்பு வச்சுக் குடுத்திருக்கான் பாரு" என்றார். அப்புறம் எனக்கு ஹேண்ட் பிரேக் எப்படிச் சுற்றுவது என்று பாடம் நடந்தது.

தண்டவாளம் செத்துப்போகவில்லை என்பது இந்த இடத்தின் இன்னொரு அழகு. சி.எஸ்.எக்ஸ் கம்பெனியின் சரக்கு ரயில் இன்னும் கட்டடத்தை உரசுகிற மாதிரிதான் போகிறது. எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வந்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள், காதில் எதுவும் விழாது.

நடைமுறை விஷயங்கள். இடம் சின்னது, ஒரு மணி நேரம் போதும். எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய கட்டடம் என்பதால் முட்டி வலிக்காரர்கள் படிகளைப் பற்றி முன்னாடியே போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. பார்க்கிங் கஷ்டம். மெயின் ஸ்ட்ரீட்டில் இடம் தேடிச் சுற்றுவதைவிட மேட்டில் எங்கேயாவது நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள், வழியில் கடைகளும் நன்றாக இருக்கின்றன. 2016 ஜூலையிலும் 2018 மே மாதத்திலும் இந்தத் தெருவில் வெள்ளம் காரையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. அதனால் போனில் திடீர் வெள்ள எச்சரிக்கை வந்த அன்றைக்கு மட்டும் இந்தப் பக்கமே வராதீர்கள். அன்றைக்குப் பால்டிமோருக்கே போய்விடுங்கள்.