46,500 ரூபாய்க்கு வந்த செத்த என்ஜின்: ஜென்னில் எஸ்டீம் என்ஜின் ஏற்ற நினைப்பவர்கள் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும், அப்புறம் எழுது என்றார்கள் வீட்டில். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், என்ஜின் விற்ற அந்த ஆள் அடுத்தவரிடமும் இதே மாதிரி வாங்கிவிடுவார். போனது 46,500 ரூபாய். பார்சல் கூலி 2,800 தனி. என்ஜின் வாங்குவது எப்படி, என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி ஜென் கார், கார்புரேட்டர் வண்டி. 993 சிசி, புதுசாக இருந்தபோதே 50 குதிரைத்திறன்தான். பாடியில் துரு இல்லை, சஸ்பென்ஷன் முழுக்க மாற்றியாகிவிட்டது. என்ஜின் மட்டும் ஓய்ந்துவிட்டது. சிலிண்டரைக் குடைந்து அதை ரீபோர் செய்வதற்குப் பதில் மாருதியின் எஸ்டீம் காரில் வந்த 1.3 லிட்டர் என்ஜினை ஏற்றுவது என்று முடிவு செய்தேன். இது ஒன்றும் புது யோசனை அல்ல. இரண்டும் சுசுகியின் ஜி வரிசை என்ஜின்கள்தான். எஸ்டீமில் பின்னாளில் வந்த 16 வால்வ் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரில் பெட்ரோல் போகிற வகை) என்ஜின், அதாவது ஜி13பிபி, 1298 சிசி, 85 குதிரைத்திறன். ஜென் போன்ற லேசான வண்டிக்கு அது எக்கச்சக்கம். வேலை இருக்கிறது: மவுன்ட் பிராக்கெட் செய்ய வேண்டும், டிரைவ் ஷாஃப்ட் அளவு பார்க்க வேண்டும், கார்புரேட்டர் வண்டி என்பதால் டேங்கில் எலெக்ட்ரிக் பம்ப், ரிட்டர்ன் லைன், வயரிங், என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ எல்லாம் புதிதாக இறங்க வேண்டும். பிரேக்கையும் அப்படியே விட முடியாது. ஆனால் வீட்டு ஷெட்டில் ஒரு செயின் பிளாக்கும், கூட லேத் தெரிந்த ஒரு ஆளும் இருந்தால் செய்யக்கூடிய வேலைதான். எங்கள் சித்தப்பா கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

ரோட்டில் ஓட்டவா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. ஆர்சியில் இருக்கிற என்ஜின் எண்ணும் வண்டியில் இருக்கிற என்ஜினும் வேறு வேறாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வம்பு, இன்சூரன்ஸும் கைவிரிக்கும். கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கத்தான் இந்த வண்டி. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவதாக இருந்தேன்.

எஸ்டீம் உற்பத்தி நின்று வருடங்கள் ஆகிவிட்டதால் நல்ல ஜி13பிபி இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. அதனால் பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு ஆப்பில் தேடினேன். பெயர் வேண்டாம், எல்லோர் போனிலும் இருக்கும் வகைதான். சென்னையில் ஒரு பழைய கார் பாகக் கடைக்காரர் போட்ட விளம்பரம் கண்ணில் பட்டது. ‘எஸ்டீம் எம்பிஎஃப்ஐ முழு செட்: என்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், ஈசியூ, ஐகேட்ஸ் சாவியோடு.’ ஐகேட்ஸ் என்பது சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்புப் பெட்டி. விலை 50,000. பேசி 46,500க்கு முடிந்தது, பார்சல் கூலி அவர் செலவு.

எப்படி நம்பினாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்களும் நம்பியிருப்பீர்கள், சொல்கிறேன் கேளுங்கள். முதல் போனிலேயே அவர் விற்கிற அவசரத்தைக் காட்டவில்லை. அதற்குப் பதில் என் வண்டி என்ன மாடல், ஏசி இருக்கிறதா, எதற்கு ஏற்றப் போகிறேன் என்றெல்லாம் விசாரித்தார். மாருதியின் பழைய பலேனோ காரில் வந்த 1.6 லிட்டர் என்ஜின் இருந்தால் அதையும் பார்க்கலாமா என்று நானே கேட்டேன். அது 94 குதிரைத்திறன், அவரிடமும் ஒன்று இருந்தது, விலையும் அதிகம். “வேணாம் தம்பி. அது பிளாக் உயரம் ஜாஸ்தி, பானெட் மூடாம நீ கஷ்டப்படுவ. 1.3யே போடு, ஜென்னுக்கு அதான் கரெக்ட்” என்றார். அதிக விலைப் பொருளை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரி! அதுவும் சொன்னது முழுக்கச் சரி, பலேனோ பிளாக் உயரம்தான். வேலை தெரிந்த மனிதர் என்று அந்த இடத்திலேயே மனசு விழுந்துவிட்டது.

அப்புறம் வீடியோ கால். என்ஜினை இரண்டு பழைய டயர் மேல் உட்கார வைத்திருந்தார். பேட்டரியில் இருந்து ஜம்பர் வயர், பெட்ரோலுக்கு ஒரு பிளாஸ்டிக் கேன். ஒரே சுற்றில் பிடித்தது. அடைப்பு இல்லாத சத்தம், புகை இல்லை. இன்டேக் மேனிஃபோல்ட் மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு குறுக்குக் கோடு போட்டிருந்தது. அதையும் கேமராவில் காட்டி, “இந்த மார்க் பாத்துக்க தம்பி, இதே பொருள்தான் உனக்கு வரும். யாரையும் கண்ண மூடிட்டு நம்பாத, காலம் கெட்டுக் கிடக்கு” என்றார். நான் கேட்காமலே சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி நான்கு சிலிண்டரையும் காட்டினார். எதுவும் 180 பிஎஸ்ஐக்குக் குறையவில்லை. விசிட்டிங் கார்டு, ஆதார் அட்டைப் படம், கடை வாசலில் நின்று ஒரு செல்ஃபி, எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. 10,000 முன்பணம் ஜிபேயில் போட்டேன். பொருளை மூட்டை கட்டி பார்சல் ஆபீஸில் இறக்கிய போட்டோ வந்ததும் மீதி 36,500ஐ வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன்.

பார்சல் ஆபீஸில் போய் நின்றபோதே முதல் அடி. ‘டூ பே’, அதாவது வாங்குகிறவர் கூலி கட்ட வேண்டும் என்று போட்டு அனுப்பியிருக்கிறார். 2,800 கட்டினால்தான் பொருள், கட்டாமல் சாக்கைப் பிரிக்கவும் விடமாட்டார்கள். கட்டினேன். அவருக்குப் போன் அடித்தால், “பையன் தப்பா எழுதிட்டான் தம்பி, நாளைக்கு ஜிபே பண்ணிடறேன்.” அந்த நாளை இன்னும் வரவில்லை.

ரசீதில் இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். பொருள் விவரம் என்ற இடத்தில் ‘பழைய இரும்பு’. மதிப்பு 5,000 ரூபாய். 46,500 ரூபாய்ப் பொருளை 5,000 ரூபாய் இரும்பு என்று எழுதி ஏற்றியிருக்கிறார். வழியில் உடைந்தாலும் தொலைந்தாலும் நான் யாரிடமும் கேட்க முடியாது.

ஷெட்டில் வைத்துச் சாக்கைப் பிரித்தோம். மஞ்சள் கோடு இல்லை. கழுவிப் பார்த்தோம், துடைத்துப் பார்த்தோம், மேனிஃபோல்டில் மஞ்சள் என்ற வாடையே இல்லை. சித்தப்பா டார்ச் அடித்து பிளாக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “டேய் கண்ணு, இதென்னடா நம்பரே காணோம்?” என்றார். என்ஜின் எண் பொறித்திருக்கும் மேடையைக் கிரைண்டர் போட்டு வழித்து, அதன் மேல் சில்வர் பெயின்ட் அடித்திருந்தது. பெயின்டை நகத்தால் சுரண்டினால் கீழே கிரைண்டர் கோடுகள் வரிவரியாகத் தெரிகின்றன. எந்த வண்டியில் இருந்து கழற்றியது, யாராவது தொலைத்த வண்டியா, எதுவும் தெரியாது. ஆக 46,500 கொடுத்து நான் வாங்கி வைத்திருப்பது ஒரு வேளை திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

வயரிங்கைச் சொன்னால் வயிறு எரியும். கழற்றவில்லை, வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கனெக்டருக்கும் நான்கு விரல்கடை வயர் விட்டு கட்டரால் ஒரே வெட்டு. ஈசியூ வந்தது, ஐகேட்ஸ் பெட்டியும் சாவியும் வரவில்லை. ஐகேட்ஸோடு பழகிய ஈசியூவுக்கு அதன் ஜோடிச் சாவி இல்லையென்றால் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது, அந்த ஈசியூ நமக்கு வெறும் அலுமினியப் பெட்டி. கியர்பாக்ஸ் எஸ்டீமுடையதே இல்லை. இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றி வெளியே வருகிற பக்கம் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினோம். கீழே கழற்றி வைத்திருந்த என் ஜென் கியர்பாக்ஸோடு அப்படியே ஒத்துப்போகிறது. என்னிடம் இருந்த பொருளையே எனக்கு விற்றிருக்கிறார்.

சரி, என்ஜினாவது நல்லதாக இருக்கட்டும் என்று கியர்பாக்ஸையும் ஸ்டார்ட்டரையும் மாட்டி, பேட்டரி கொடுத்து கம்ப்ரஷன் பார்த்தோம். 165, 170, 60, 160. மூன்றாவது சிலிண்டர் காலி. ஹெட்டைத் திறந்தால் மூன்றாவது சிலிண்டரின் உள்சுவரில், அதாவது போரில், மேலிருந்து கீழ்வரை கோடு, நகம் வைத்தால் சிக்குகிறது. பிஸ்டனை உருவிப் பார்த்தோம், மேல் ரிங் இரண்டு துண்டு. இந்த என்ஜின் அந்த வீடியோவில் அப்படி ஓடியிருக்கவே முடியாது.

இதற்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தைதான் பணம் போனதைவிட எரிச்சல். போட்டோ அனுப்பியதும் முதல் பதில்: “லாரில அடிபட்டிருக்கும் தம்பி.” லாரியில் அடிபட்டால் என்ஜின் நம்பர் அழியுமா? அடுத்து, “பையன் பொருள மாத்தி ஏத்திட்டான், விசாரிக்கிறேன்.” அடுத்து வந்ததுதான் உச்சம்: “பிளக் ஓட்டைல ரெண்டு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கேஜ் போட்டுப் பாரு, கம்ப்ரஷன் ஏறும்.” ஏறும், ஏன் ஏறாது? ஆயில் போய் ரிங்குக்கும் போருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அடைக்கும், கேஜ் ஏறும். ஆயில் விட்டு ஏறினால் ரிங் போய்விட்டது என்று அர்த்தம், என்ஜின் நல்லது என்று அல்ல. இது மெக்கானிக் பட்டறையில் வேலை பழகும் பையனுக்கும் தெரியும். பலேனோ பிளாக் உயரம் தெரிந்தவருக்கு இது தெரியாதா?

கடைசியில் குரல் மாறிவிட்டது. “பழைய பொருளுக்கு கேரண்டி கிடையாதுப்பா, பில்லுல போட்டிருக்கு பாரு.” பில்லா? அவர் அனுப்பியது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத எஸ்டிமேட் துண்டுச் சீட்டு, அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப். தம்பி போய் ‘ப்பா’ வந்தபோதே புரிந்துவிட்டது. மறுநாள் அவர் வாட்ஸ்அப் படம் எனக்குக் காணாமல் போனது. வேறு எண்ணில் இருந்து கடைக்கு அடித்தேன், யாரோ எடுத்து “அண்ணன் ஊர்ல இல்ல” என்றார். பின்னாலேயே அண்ணன் குரல் கேட்கிறது!

ஆப்பில் புகார் கொடுத்தேன். மனிதர் யாரும் பேசவில்லை, ‘உங்கள் பரிவர்த்தனை எங்கள் தளத்துக்கு வெளியே நடந்துள்ளது’ என்று ஒரு பதில், டிக்கெட் மூடப்பட்டது. பணம் வெளியே போனது சரி, ஆளைக் காட்டியது யார்? அந்தக் கணக்கின் மேல் ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ என்று முத்திரை குத்தியது யார்? காவல் நிலையத்தில், “பொருள் வந்திருக்கில்ல? அப்ப இது சிவில் மேட்டர்” என்றார்கள். நம்பர் வழித்த என்ஜின் என் ஷெட்டில் இருக்கிறது, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஒரு வழியாக மனு ரசீது வாங்கினேன். வாங்காமல் வந்திருந்தால் நாளைக்கு அந்த என்ஜினுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிவு செய்திருக்கிறேன். 46,500 வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, ஆனால் சும்மா விடுவதாகவும் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

என்ஜின் எண்ணை நெருக்கத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அந்த எண் பில்லில் எழுதியிருக்க வேண்டும், எந்த வண்டியில் இருந்து வந்தது என்ற ஆர்சி நகலோ ஸ்கிராப் சீட்டோ வேண்டும். இல்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். வீடியோ காலில் காட்டுகிற கம்ப்ரஷனை நம்பாதீர்கள், உள்ளே ஆயில் விட்டிருக்கிறார்களா என்று வீடியோவில் தெரியாது. ஆதார் படம் எதையும் நிரூபிக்காது. வயரிங் முழுசாக, கனெக்டர் டு கனெக்டர் இருக்கிறதா என்று பிரித்து வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய், வேலை தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய், ஏற்றும்வரை கூடவே நில்லுங்கள். பார்சல் ரசீதில் உண்மையான மதிப்பு போட வையுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது 44,000 போட்டிருக்கிறார். மஞ்சள் குறுக்குக் கோடு போட்ட எஸ்டீம் என்ஜின், இரண்டு டயர் மேல். இதே வீடியோவைக் காட்டி உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். தனித்தனியாகப் போனால் சிவில் மேட்டர் என்பார்கள், நாலு பேராகச் சேர்ந்து மனு கொடுக்கலாம்.