பத்தமடை பஞ்சர் கடையும் அப்பாவோட ஸ்டெப்னியும்

ஊருக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. கல்யாணம், கோயில் கொடை, குத்தாலம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அதப் பத்தி எழுத ஒண்ணுமில்ல. இந்த டயர் விசயத்த மட்டும் சொல்லாம பிளேன் ஏற முடியாது, நாலு நாளா மனசுல கெடந்து உறுத்துது.

பாளையங்கோட்டை வீட்டு வாசல்ல காலைல பாத்தா அப்பா கார்ல பின்பக்க இடது டயரு தரையோட படுத்துக் கெடக்கு. ரோட்டுல படுற பட்டனுக்கு நடுவுல ஒரு ஸ்க்ரூ குத்திக் கெடக்கு. பள்ளிக்கூடம் போறப்போ ஒடமுள்ளு ஏறி சைக்கிள உருட்டிக்கிட்டே போவோமே, அந்த ஞாபகம்தான் மொதல்ல வந்துச்சு. அத்தான் ஸ்டெப்னிய மாட்டிக் குடுத்தாவ, பஞ்சர் டயர டிக்கில போட்டுக்கிட்டு, அம்பாசமுத்திரத்துல அத்தை வீட்டுக்குப் போற வழில சரி பண்ணிருவோம்னு கெளம்பி, கண்ணாடி போட்ட ஒரு பெரிய டயர் ஷோரூம்ல நிப்பாட்டுனேன்.

ஏசி, சோபா, காப்பி எல்லாம் உண்டு. பையன் வந்து டிக்கியத் தொறந்து மேலாப்புல பாத்தான், டயரக் கீழ எறக்கக்கூட இல்ல. "சார், இது ஒட்டுனா நிக்காது, மாத்திருங்க, மாத்துனா பின்னால ரெண்டையும் சேத்து மாத்துங்க"ன்னு பத்தாயிரத்துக்கு மேல ஒரு சீட்டு எழுதி நீட்டிட்டான். தம்பி, கழட்டி உள்ள ஒரு தடவ பாருங்கன்னேன். "ஃபாரின்ல இருந்து வந்திருக்கீங்க, ரிஸ்க் எதுக்கு சார்"ங்கான். எனக்கு வந்துச்சே ஆத்திரம். ரெண்டா மாத்தச் சொல்லுறதுல தப்பில்ல, ஒரே அச்சுல ரெண்டு டயரும் ஒண்ணுபோல இருக்கதுதான் நல்லது, ஆனா மாத்தணுமா வேண்டாமாங்கதே கழட்டாம எப்படித் தெரியும்?

நான் இருக்க இங்கிலாந்து கவென்ட்ரில ஒரு பஞ்சர் ஒட்ட அப்பாயின்மென்ட் வாங்கணும், காத்துக் கெடக்கணும், கூலியக் கேட்டா வயிறு எரியும், அதெல்லாம் உண்மதான். ஆனா ரிம்முல இருந்து கழட்டி உள்பக்கம் பாக்காம எவனும் முடிவு சொல்ல மாட்டான். அங்க அதுக்கு முறையே இருக்கு: ஓட்ட பட்டனோட நடு முக்கால் பாகத்துக்குள்ள இருக்கணும், 6 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது, பட்டனும் சைடும் சேர்ற தோள்பட்டைலயோ, சைடுலயோ குத்தியிருந்தா தொடவே மாட்டாவ. நம்ம ஸ்க்ரூ நட்டநடுவுல, பென்சில விட ஒல்லியா இருக்கு. சீட்ட அங்கனயே வச்சிட்டு வந்துட்டேன்.

மேலப்பாளையம், தருவை தாண்டிப் போயி, பத்தமடை கிட்ட ரோட்டோரமா ஒரு தகரக் கொட்டகை, பழைய டயர்ல வெள்ளைப் பெயிண்டுல 'பஞ்சர்'னு எழுதித் தொங்குது. இன்னும் இப்படி ஒரு கடை இருக்கான்னு பாத்ததுமே மனசு நெறஞ்சுட்டு. அறுபது வயசிருக்கும் அந்த அண்ணாச்சிக்கு. டயரப் பாக்கும் முன்னாலயே கேட்டாரு, "காத்தில்லாம எம்புட்டு தூரம் ஓட்டுனிய?" ஓட்டவே இல்ல அண்ணாச்சி, நின்ன எடத்துலயே எறங்கிட்டுன்னேன். "அப்பம் தப்பிச்சிய. காத்தில்லாம ஓட்டுனா உள்ள ரப்பரு அரைஞ்சு கருப்பா பொடி கொட்டும், அப்படி இருந்தா நான் ஒட்ட மாட்டேன், வேற கடைக்குத்தான் போவணும்."

கழட்டி, கைய உள்ள விட்டு சுத்தித் தடவிப் பாத்து, வெயில்ல தூக்கிப் பிடிச்சு என்னையும் பாக்கச் சொன்னாரு. பொடி இல்ல, மடிப்பு இல்ல. வெளிய இருந்து திரி மட்டும் சொருகவா, உள்ள இருந்து காளான் மாதிரி தலையும் காம்பும் இருக்க மஷ்ரூம் ஒட்டு போடவான்னு கேட்டாரு, திரி அவசரத்துக்குத்தான், உள்ள இருக்க கம்பில தண்ணி எறங்காம இருக்கணும்னா காம்பு ஓட்டைய அடைக்கணும், தலை உள்ள ஒட்டிக்கிடணும்னு வெளக்கமா சொன்னாரு. உள்பக்கம் ராவி, சொல்யூஷன் தடவி, அது காயுற வரைக்கும் காத்திருந்து, காம்ப உள்ள இருந்து சொருகி வெளிய குறடால இழுத்து, உருளைய வச்சு அழுத்தி, மிச்சத்த அறுத்து, காத்தடிச்சு சோப்புத் தண்ணி ஊத்திக் காட்டுனாரு. ஒரு குமிழி வரல. கூலி 300 ரூவா.

காசு எடுக்கையில அவரு கண்ணு கார்ல மாட்டியிருந்த ஸ்டெப்னி மேல போச்சு. குனிஞ்சு நகத்தால சைடக் கீறுனாரு. முடி மாதிரி வெடிப்பு, சுத்தி முழுக்க. சைடுல இருந்த நம்பரத் தொடச்சுக் காட்டுனாரு, 2314. அதாவது 2014ம் வருசம் 23வது வாரத்துல செஞ்ச டயரு. "தம்பி, ஒட்ட வந்த டயரு நல்லாருக்கு. ஓட்டிட்டு வந்த டயரத்தான் மாத்தணும்"னாரு. எனக்கு ஒடம்பு சில்லுன்னு ஆயிட்டு. அந்த டயர்லதான் பிள்ளைகள வச்சுக்கிட்டு வெயில்ல எண்பதுல வந்திருக்கேன். பத்து வருசத்துக்கு மேல ஆனா பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்கன்னு டயர் கம்பெனிக்காரவளே சொல்லுதாவ. ஷோரூம்ல சொன்ன மாதிரி மாத்தியிருந்தா நல்ல டயரு போயிருக்கும், இந்தக் கெழட்டு டயரு மறுபடியும் டிக்கிக்குள்ள போயி ஒக்காந்திருக்கும். பெரிய கடைன்னு நம்பித்தான நாம போறோம், அத இப்படியா நடத்துவாவ?

ஒட்டுன டயரயே திரும்ப மாட்டி விட்டாரு. அதுக்கப்பறம் திருச்செந்தூர், கன்னியாகுமரின்னு சுத்தியாச்சு, வச்ச 33 பாயின்ட் காத்து அப்படியே நிக்கி.

அப்பாதான் மொதல்ல ஒத்துக்கிடல. "ஏல, ஒருநாளும் ஓடாத டயருல, புதுசுல்லா"ன்னு கோவப்பட்டாவ. பத்து வருசமா தொடச்சு தொடச்சு வச்ச டயரு, அவிய வருத்தம் எனக்குப் புரியத்தான் செஞ்சுது. ஒண்ணும் சொல்லாம புது டயரு ஒண்ணே ஒண்ணு வாங்கிப் போட்டேன். மறுநா காலைல வாசல்ல சத்தம் கேட்டு வந்து பாத்தா, அப்பா கண்ணாடியப் போட்டுக்கிட்டு, ஈரத்துணியோட ஒவ்வொரு டயர்லயும் குனிஞ்சு நாலு நம்பரத் தேடிப் படிச்சுக்கிட்டு இருக்காவ.