டொமைன் பெயர்: வருடக்கணக்கில் வைத்திருந்தால் தெரியவருபவை

டொமைனை, அதாவது இணையதளத்தின் முகவரிப் பெயரை, நாம் வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். டாட் காம் என்றால் 1 வருடம் முதல் 10 வருடம் வரை. அந்தப் பெயர்களின் மூலப் பட்டியல் வெரிசைன் என்ற ரெஜிஸ்ட்ரியிடம் இருக்கிறது. நாம் பணம் கட்டும் ரெஜிஸ்ட்ரார், இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் அங்கீகாரத்தோடு அதில் நம் பெயரை ஏற்றிவிடுகிறார்.

பதிவு செய்வது சில நிமிட வேலை. எழுத்து, எண், நடுவில் ஹைஃபன். புள்ளிக்கு முந்தைய பகுதி 63 குறிக்குள். பணம் கட்டியதும் வரும் மின்னஞ்சல் சரிபார்ப்பு இணைப்பைத்தான் பலர் விளம்பரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 15 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் டொமைன் முடக்கப்படலாம்; தளத்தோடு மெயிலும் நின்றுபோகும்.

தொடர்பு முகவரியாக அதே டொமைனில் உள்ள மெயிலைக் கொடுக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும், புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் பாஸ்வேர்டை மீட்கும் இணைப்பும் வந்து சேராது. பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். தானியங்கிப் புதுப்பித்தலை மட்டும் நம்பவும் முடியாது: பதிந்த கார்டின் காலம் முடிந்திருந்தால் பணம் போகாது.

காலாவதியான பிறகு சலுகைக் காலம் உண்டு. அது 45 நாள் வரை போகலாம், ஆனால் ரெஜிஸ்ட்ராருக்கு ரெஜிஸ்ட்ரார் மாறும். சிலர் அதற்குள்ளேயே பெயரை ஏலத்துக்கு விடுகிறார்கள். பெயர் நீக்கப்பட்டால் அடுத்த 30 நாள் மீட்புக் காலம், இதில் கட்டணம் பல மடங்கு. அதற்குப் பின் வரும் 5 நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அது முடிந்ததும் பெயர் பொதுவுக்குப் போய்விடும்; யார் வேண்டுமானாலும் பதியலாம்.

ரெஜிஸ்ட்ராரை மாற்றுவதென்றால் பெயர் இடம் மாறாமல் தடுக்கும் லாக்கை எடுத்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடைப் பழையவரிடம் வாங்கிப் புதியவரிடம் கொடுக்க வேண்டும். பதிந்து 60 நாள் ஆகாத பெயரை மாற்ற முடியாது. பழையவர் தாமதித்தாலும் பொதுவாக 5 நாளில் முடிந்துவிடும், காலத்தில் 1 வருடமும் கூடும். அதனால் செலவு வீணாகாது. காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றும்போது பழையதை உடனே அணைத்துவிடாதீர்கள். டாட் காமில் நேம்சர்வர் பதிவின் ஆயுள், அதாவது அதை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், 1,72,800 விநாடி, அதாவது 2 நாள். அதுவரை சிலர் பழைய இடத்துக்கே போவார்கள். டொமைன் பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால், முதலில் அந்தக் கையொப்பச் சாவியை அடையாளம் காட்டும் டிஎஸ் பதிவை ரெஜிஸ்ட்ரார் வழியாக நீக்கி, அதன் ஆயுள் முடியும்வரை காத்திருந்து, பிறகே நேம்சர்வரை மாற்றுங்கள். வரிசை மாறினால் கையொப்பம் பொருந்தாமல், அதைச் சரிபார்க்கும் ரிசால்வர்களுக்கெல்லாம் (பெயரைத் தேடி முகவரி தரும் சர்வர்கள்) தளம் காணாமல் போகும்.