ஈசிஜியா, எக்கோவா: எதற்குப் பதற வேண்டும்?

ஈசிஜி தாளின் மேல்வரியில் ‘இயல்புக்கு மாறானது’ என்று அச்சாகியிருந்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் அந்த வரி பெரும்பாலும் இயந்திரமே கணித்து அச்சிட்டது. மருத்துவர் அதை இன்னும் பார்த்திருக்கக்கூட மாட்டார். இரு கைகளுக்கான வயர்களும் இடம் மாறினாலே சில அலைகள் தலைகீழாக விழும். இடையிடையே முந்திக்கொள்ளும் துடிப்பு ஆரோக்கியமானவர்களுக்கும் வருவதுண்டு.

ஈசிஜி பதிவு செய்வது இதயத்தின் சுமார் 10 விநாடி மின்னோட்டத்தை மட்டும்தான். துடிப்பின் ஒழுங்கைச் சொல்ல அதுவே முதல் சாட்சி. ஆனால் நேற்றிரவு வந்துபோன படபடப்பு அதில் சிக்காது. அதற்கு 24 மணி நேரமாவது உடலோடு இருந்து துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி வேண்டும்.

எக்கோ எனும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்ப்பது இதயத்தின் தசையையும் வால்வுகளையும். அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடுவது ‘இஎஃப்’ என்ற எண்ணை, அதாவது இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதை. 60 என்றிருந்தால், “மீதி 40 சதவீதம் போய்விட்டதா?” என்று கலங்குகிறார்கள். இல்லவே இல்லை. எந்த இதயமும் தன்னிடமுள்ள ரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியே தள்ளாது. 55க்கு மேல் பொதுவாக இயல்பு. 40 அல்லது அதற்குக் கீழே என்றால் இதய மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மிக லேசான வால்வுக் கசிவு பலரிடம் இருப்பதுதான்.

ரத்தக்குழாய் அடைப்பை இவை இரண்டும் நேரடியாகக் காட்டுவதில்லை. ஓடும் பட்டையில் நடக்கவைத்து ஈசிஜி எடுக்கும் டிரெட்மில் சோதனை அதை ஊகிக்க உதவும். ஆனால் அடைப்பே இல்லாதவர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, ‘பாசிட்டிவ்’ வருவதுண்டு. அடுத்த பரிசோதனை உறுதிசெய்யும்வரை அதைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம்.

அறிகுறி எதுவுமில்லாமல் தாளில் மட்டும் மாற்றம் இருந்தால், எவ்வளவு விரைவில் வரவேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். ஆனால் நெஞ்சை அழுத்தும் வலி சில நிமிடங்களில் அடங்கவில்லை, அது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் என இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் எந்த அறிக்கையையும் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிச் செல்லாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் குமட்டலும் கடும் சோர்வுமாக வரலாம். மாரடைப்பின்போதுகூட முதல் ஈசிஜி இயல்பாக இருக்கக்கூடும். இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கசியும் டிரோபோனின் என்ற புரதம் உயரவும் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் இரண்டையும் திரும்ப எடுக்கிறார்கள். அதுவரை வீட்டுக்குக் கிளம்ப அவசரப்படாதீர்கள்.

பழைய ஈசிஜி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மாற்றம் இன்று வந்ததா, பல ஆண்டுகளாக இருப்பதா என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.