வாழை இலைப்புள்ளிக்கு எதை அடிப்பது: புரோபிகோனசோலா, சூடோமோனாஸா, பேசில்லஸா?

ஐப்பசி மழை பிடித்ததுமே களக்காடு, சேரன்மகாதேவி பக்கத்து வாழைத்தோட்டங்களில் இலைப்புள்ளி என்ற பூஞ்சை நோயைத் தேடிப் பார்த்துவிட வேண்டும். முதலில் நரம்பின் போக்கிலேயே மெல்லிய மஞ்சள் கீற்று. அது பழுப்பாகி, நடுவில் சாம்பல் நிறமும் சுற்றிலும் மஞ்சள் வளையமுமாக விரியும். புள்ளிகள் கூடிவிட்டால் இலையே சருகு. குலை தள்ளிய பிறகு வாழை புது இலை விடாது. அந்த நேரத்தில் எட்டு நல்ல இலையாவது நிற்காவிட்டால் காய் திரளாது. ஏத்தன் (நேந்திரன் வாழை) போட்டவருக்கு அந்த நஷ்டம் தராசில் தெரியும்.

உரக்கடையில் புரோபிகோனசோல் என்ற ரசாயனப் பூஞ்சைக்கொல்லி தருவார்கள், லிட்டருக்கு 1 மில்லி. இலைக்குள் ஊடுருவுவதால் கீற்று விழுந்த பிறகும் நோயை மட்டுப்படுத்தும். அந்த வேகம் சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற பாக்டீரியாவுக்குக் கிடையாது. ஆனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிக்கொள்ளும். கார்பென்டாசிம் வகை மருந்துகள் பல நாடுகளில் அப்படித்தான் வலுவிழந்தன. அதோடு, நம் பக்கம் இலையும் விலைபோகிற சரக்கு. சாப்பாட்டு இலை அறுக்கிற தோட்டத்தில் புரோபிகோனசோலை அடிக்கவே கூடாது என்பேன். சுடுசோறு விழுகிற இலை அது.

சூடோமோனாஸ் புளோரசன்ஸ் வேரைச் சுற்றிக் குடியேறி, பூஞ்சைக்குப் போக வேண்டிய இரும்புச்சத்தைப் பறித்துக்கொள்ளும். வாழையின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டிவிடும். நடுமுன் கன்று நேர்த்திக்கும் தொழுவுரத்தோடு கலந்து தூருக்கு இடவும் இதுதான் சரி. இலைமேல் தெளிக்கத்தான் எனக்குத் தயக்கம். இது வித்து உண்டாக்காத இனம். சூட்டில் சீக்கிரம் செத்துவிடும். சித்திரை வெயிலில் கடைத் தட்டில் கிடந்த பாக்கெட்டை, தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள்.

பேசில்லஸ் சப்டிலிஸ் அகவித்தாக, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வித்தாக மாறி, வெயிலையும் வறட்சியையும் தாங்கும். பூஞ்சையின் செல் சவ்வைச் சிதைக்கும் பொருள்களையும் சுரக்கும். நெல்லை வெயிலுக்கு, இலையில் தெளிக்க என் தேர்வு இதுவே. புள்ளி வருமுன்பே தொடங்கிவிட வேண்டும். சாயங்காலம், ஒட்டும் திரவம் சேர்த்து, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள்; பூஞ்சை பெரும்பாலும் அந்தப் பக்கத் துளைகள் வழியாகத்தான் நுழைகிறது. காப்பர் ஆக்சிகுளோரைடோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், தாமிரம் பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

நோய் ஏற்கெனவே முற்றிவிட்ட, இலை விற்காத தோட்டமா? கருகிய இலைகளை அறுத்து எரித்துவிட்டு, ஒருமுறை புரோபிகோனசோல் அடியுங்கள். பத்து நாள் விட்டு பேசில்லஸுக்கு மாறிக்கொள்ளலாம். அறுத்த இலையை வரப்பில் குவித்து வைத்தால் அதிலிருந்தே பூஞ்சை வித்து மறுபடி பறக்கும்.