ஜிஆர் 131: வழிக்குறிக்கு முழு மதிப்பெண், தண்ணீருக்குப் பூஜ்யம்

ஸ்பெயினின் கேனரித் தீவுக்கூட்டத்தில் ஏழு பெரிய தீவுகளிலும் ஜிஆர் 131 என்ற நெடுந்தூர நடைபயணப் பாதை உண்டு. ஏழையும் நடந்தே தீர வேண்டும் என்பது வீம்பு. ஃபுர்ட்டெவெந்துரா தீவில் மட்டுமே ஏறத்தாழ 150 கி.மீ.; நிழல் அரிது. இரண்டு வார விடுமுறைக்கு லா கொமேராவும் லா பால்மாவும் தாராளம்.

முதலில் லா கொமேரா. சுமார் 40 கி.மீ.; இடையில் சிப்புதே போன்ற ஊர்களில் சாப்பாடு, படுக்கை கிடைக்கும். கால் பழக ஏற்ற தீவு.

லா பால்மா வேறு ரகம். தசகோர்த்தே துறைமுகத்திலிருந்து 2,426 மீட்டர் உயர ரோக்கே தெ லோஸ் முசாச்சோஸ் சிகரம் வரை 18 கி.மீ.க்குள் ஏறிவிட வேண்டும். அடுத்து எல் பிலார் முகாமிடம் வரை சுமார் 26 கி.மீ. மலைமுகடு. இங்கேதான் பலர் திணறுகிறார்கள்: வழியில் ஊற்று இல்லை, புந்தா தெ லோஸ் ரோக்கேஸ் குடிலில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஆளுக்கு 4 லிட்டர் சுமந்தே ஆக வேண்டும். எல் பிலாரில் குழாய் உண்டு, கூடாரமும் போடலாம். அனுமதியை முன்னதாகவே வாங்க வேண்டும்.

எல் பிலாருக்குத் தெற்கேதான் கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லாத பகுதி. 1949-இல் வெடித்த எரிமலை வாய்களை ஒட்டிப் போய், 1971-இல் வெடித்த தெனெகியா எரிமலையைக் கடந்து பாதை கடலில் முடிகிறது. 2021-இல் குமுறிய தஹோகைத்தே எரிமலை மேற்குச் சரிவில் கருப்பாகத் தெரியும். உளுந்தளவு எரிமலைச் சரளை ஷூவுக்குள் புகுந்து கொப்புளம் கிளப்பும். கணுக்காலை மூடும் கெய்ட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

வெள்ளை-சிவப்பு வழிக்குறிகள் அருமை, குறை சொல்ல முடியாது. போக்குவரத்தில்தான் சிக்கல். இந்தத் தீவுகளுக்குப் போகும் வழியில் இறங்கும் தெனெரிஃபே தீவில் விமான நிலையம் இரண்டு. வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் தெற்கில் இறங்கும். தீவுகளுக்கிடையே பறப்பவை பெரும்பாலும் வடக்கிலிருந்து. படகு ஏறும் லோஸ் கிறிஸ்தியானோஸ் துறைமுகம் தெற்கே இருக்கிறது. இதைக் கவனிக்காமல் டிக்கெட் போட்டால் அரை நாள் போச்சு. லா கொமேராவுக்குப் படகில் ஒரு மணி நேரம்தான்.

அடுப்பு கேஸ் விமானத்தில் ஏறாது, இறங்கிய பிறகு வாங்குங்கள். கோடையில் காட்டுத்தீ எச்சரிக்கை வந்தால் பாதையை மூடிவிடுவார்கள். சஹாரா தூசிக் காற்றான கலிமா வீசும் நாளில் முகட்டில் ஏற வேண்டாம். பாதை முடியும் கலங்கரை விளக்கத்திலிருந்து பேருந்துகள் குறைவு, கடைசிப் பேருந்து நேரத்தை எல் பிலாரை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.